நாலு முட்டையில் ஒன்று

சுமதி,

இந்தக் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு பிரிக்காதே. வேலை முடிந்து அறைக்குப் போ. முகத்தைக் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. படித்த பிறகு உனக்குச் சாப்பாடு இறங்காது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழ ஆரம்பித்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். நிறுத்திவிட்டு வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஐந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தினேஷைப் பற்றிச் சொன்னாய். பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை, கொழும்பில் உன்னோடு அதே துணிக்கடையில் வேலை செய்கிறவர், உன் கதை முழுவதும் தெரிந்தும் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்றாய். நீ முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "என் வயித்துல ஒண்ணுந் தங்காதும்மா. ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நான். அந்த மனுசனையும் ஏன் கெடுக்கணும்?" என்றாய். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ போனை வைத்த பிறகு, அடுப்பில் இருந்த சோறு கருகும் வரைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வயிற்றில் குறை இல்லை, மகளே. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்பதைத்தான் இதில் எழுதப் போகிறேன். எழுதுவதற்கு நம் கோழிகளில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இதை முதலில் கற்றுக்கொண்டது அங்கேதான்.

உன் அப்பா நெஞ்சு வலியில் போனபோது உனக்குப் பதினைந்து வயது. உன் மாமா செல்வம் அந்த வாரமே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்துக்கு, பக்கத்து அறைக்கு, அந்தக் காம்பராவுக்கு வந்துவிட்டான். எங்கள் அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதின்மூன்று. இடுப்பில் வைத்துத்தான் அவனை வளர்த்தேன். எனக்கு ஆள் இல்லை என்றதும் அவன் வந்து நின்றான். அதை நான் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. மறக்காததுதான் பிறகு உனக்கு வினையாக முடிந்தது.

மஸ்கெலியா டவுனில் தீவனக் கடை வைத்திருக்கிற, அண்ணன் முறைக்கு நானா என்று நாம் கூப்பிடுகிற ரபீக் நானாவை உனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைக்குப் பின்னால் இருந்த கோழிக்கூண்டுகளைக் கழுவிக் கொடுக்க நான் போய்க்கொண்டிருந்தேன். அங்கேதான் பிரம்மா கோழியை முதலில் பார்த்தேன். கால் விரல் வரைக்கும் இறகு. முழங்கால் உயரம். கத்தாமல், பறக்காமல், வயசான மனிதர் மாதிரி நிதானமாக நடக்கும். நானா ஆறு முட்டை கொடுத்தார். "நாட்டுக்கோழி அடையில வச்சுப் பாருங்க தங்கச்சி. இந்தக் குளிருக்கு இது நல்லா வரும்" என்றார். நாலு பொரிந்தன. செல்வம் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை, தான் வேலை செய்கிற தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்து தரை போட்டுக் கூண்டு கட்டினான். மழைக்காலத்தில் கால் இறகில் சேறு பிடித்து, காய்ந்து, கல் மாதிரி இறுகி விரலையே அறுத்துவிடும் என்று மரத்தூள் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து கொட்டினான். அவன் கெட்டவன் இல்லை என்பதை நீ மறந்திருப்பாய். நான் எழுதாமல் விட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நிறத்தைப் பற்றி எழுதி வைத்தது நீதான். உன் கையெழுத்தில் அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. வெள்ளைப் பெட்டைகளோடு, பொன்னிறச் சேவலைச் சேர்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உடம்பு வெள்ளை, கழுத்து இறகு ஒவ்வொன்றிலும் நடுவில் கருப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு, வால் கருப்பு, அந்தப் பெட்டைகள். பொரிந்த அன்றைக்கே குஞ்சுகள் இரண்டு நிறமாக நின்றன. பொன்னிறக் குஞ்செல்லாம் பெட்டை, வெளிர் நிறமெல்லாம் சேவல். "பொட்டக்குஞ்சுக்கு இந்த நெறம் அப்பன்கிட்ட இருந்து மட்டுந்தான் வரும். தாயோட நெறம் ஆம்பளக் குஞ்சுக்குத்தான் போகும்" என்று நானா சொன்னார். நீ உடனே, "அப்ப நான் அப்பா மாதிரிதான்" என்றாய். உன் அப்பா செத்த பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சேவல் குஞ்சுகள் வளர்ந்தபோது வெள்ளை முதுகில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. அப்பனுடைய பொன் உள்ளே இருந்துகொண்டு கசிகிறது, கண்காட்சிக்கு இது ஆகாது என்றார் நானா. அப்போதுதான் எனக்கு முதலில் உறைத்தது: கண்ணுக்குத் தெரிகிற இறகு ஒன்று, உள்ளே ஓடுகிறது இன்னொன்று.

இரண்டாவது வருடம் பொன்னிறச் சேவலுக்கும் பொன்னிறப் பெட்டைக்கும் ஒரு குஞ்சு சுத்த வெள்ளையாகப் பொரிந்தது. எனக்கு அந்தப் பெட்டை மேல் கோபம் வந்துவிட்டது. கூண்டை விட்டுப் போய் வேறு எங்கோ சேர்ந்துவிட்டு வந்திருக்கிறது என்று அதைத் தனியாக அடைத்தேன். நானா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதுமேல பழி போடாதீங்க. இந்த வெள்ளை சேவல்கிட்டயும் இருக்கு, பொட்டைகிட்டயும் இருக்கு. ஒவ்வொண்ணுகிட்டயும் பாதிதான். பாதியா இருந்தா வெளிய தெரியாது. ரெண்டு பாதியும் ஒரே முட்டையில சேந்தாத்தான் தெரியும். நாலு முட்டைக்கு ஒண்ணு" என்றார். நான் பெட்டையைத் திறந்துவிட்டேன். ஒரு கோழிக்குக் கொடுத்த நியாயத்தை நான் உனக்குக் கொடுக்கவில்லை.

பிறகு மஞ்சள் கசியாத வெள்ளை உடம்பும் கோடு போட்ட கழுத்துமாக ஒரு சேவல் வளர்ந்தது. நுவரெலியாவில் சித்திரை சீசனில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். முந்திய நாள் நீ பேபி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாய். அடுப்போரத்தில் வைத்து இறகு இறகாக உலர்த்தினோம். கொண்டையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் தடவினோம். செல்வம் கூடையை மடியில் வைத்தபடி ஹட்டன் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று அசையாமல் உட்கார்ந்து வந்தான். நடுவர் இறக்கையை விரித்துப் பார்த்தார், கழுத்து இறகை விலக்கிப் பார்த்தார், நடுவிரலில் இறகு இருக்கிறதா என்று காலைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாம் பரிசு. கார்களில் வந்தவர்களுக்கு நடுவில், கொழுந்து பறிக்கிறவள் ஒருத்தி கப் வாங்கினாள். எனக்கு அது தலைக்கு ஏறியது. முதல் பரிசு வேண்டும் என்று நினைத்தேன். கழுத்துக் கோடு இன்னும் கூர்மையாக வர, அந்தச் சேவலை அதன் மகளோடேயே சேர்த்தேன். பிறகு அவற்றின் குஞ்சுகளில் அண்ணனையும் தங்கச்சியையும் சேர்த்தேன். நோட்டில் நீயே எழுதினாய். கழுத்து, நினைத்தது மாதிரியே வந்தது. வரைந்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டு வருடம் கழித்து முதல் பரிசும் வந்தது.

ஆனால் முட்டைகள் பொரியவில்லை. நாள் முடிந்தும் திறக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். முழுக்குஞ்சாக வளர்ந்து, அலகு முட்டையோட்டில் இடித்தபடி செத்திருந்தன. பொரிந்தவற்றிலும் சில கழுத்து நிற்காமல், காலை ஊன்றத் தெரியாமல், பலகையில் துணி மாதிரிக் கிடந்தன. அவை மூன்றாம் நாள் போய்விடும். நான் எண்ணினேன். பன்னிரண்டில் மூன்று. அடுத்த அடையில் மறுபடி மூன்று. நானாவிடம் போனேன். "ரத்தம் நெருங்கிருச்சு தங்கச்சி. ஒரே குடும்பத்துக்குள்ளயே சுத்துது. உள்ள இருக்கற கோளாறு ஒண்ணோட ஒண்ணு சந்திச்சுக்குது. வெளியூர்ச் சேவல் ஒண்ணு கொண்டாந்து போடுங்க" என்றார். நான் குருநாகல் பக்கம் கோழி வளர்க்கிற ஒருவரிடம் அவர் மூலமாகவே பேசி, சம்பந்தமே இல்லாத ஒரு சேவலைக் கொண்டு வந்தேன். அந்த வருடம் கழுத்துக் கோடு மங்கியது. ஆனால் வைத்த முட்டையெல்லாம் பொரிந்தது. ஒரு குஞ்சும் கால் மடங்கவில்லை.

அந்தச் சேவல் ரயிலில் வந்து இறங்கிய அதே மாதத்தில்தான் உன்னை உன் மாமாவுக்குக் கொடுப்பதாக வெற்றிலை மாற்றினோம்.

நீ மறுக்கவில்லை. "ஒங்க இஷ்டம்மா" என்றாய். உனக்கு இருபது, அவனுக்கு முப்பத்திரண்டு. உன் மனசில் என்ன இருந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாய்மாமனுக்கு உரிமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். உள்ளே இருந்தது வேறு. என் தம்பி வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் நான் தனியாகிவிடுவேன். நீ வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாலும் தனியாகிவிடுவேன். இரண்டு பேரையும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு வழி கிடைத்தது.

நானாவுக்குச் சொல்லப் போனேன். அவர் தீவனம் நிறுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றது. "தங்கச்சி, நான் சொல்றேன்னு கோவிக்க வேணாம். எங்க பக்கம் மாமன் மருமகளைக் கட்டுறதில்ல. கோழிக்கு வெளியூர்ச் சேவல் தேடுன ஆளு நீங்க" என்றார்.

"கோழியும் மனுசரும் ஒண்ணா நானா?" என்று நான் சத்தம் போட்டேன். கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்து, வாழ்த்திவிட்டு, சாப்பிடாமல் போனார்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. விவாகப் பதிவுக்குக் கேட்கப் போனபோது, உறவு என்ன என்று கேட்டுவிட்டு, தாய்மாமன் என்றால் சட்டத்தில் இடமில்லை, எழுத முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் உன்னிடம், "எழுத்தைப் பிறகு வச்சுக்கலாம்" என்றேன். கோயிலில் தாலி கட்டியதோடு முடித்துக்கொண்டோம். அதனால் தினேஷைக் கட்டுவதற்கு நீ யாரிடமும் விடுதலை வாங்க வேண்டியதில்லை. சட்டத்தில் நீ யாருக்கும் பெண்டாட்டியாக இருந்ததே இல்லை. இதையும் ஏழு வருடம் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கவின் பிறந்தபோது மூன்று கிலோ இருந்தான். செக்கச் செவேலென்று இருந்தான். மூன்று மாதமாகியும் தலை நிற்கவில்லை. நீ, "இன்னும் நிக்கலியேம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். "சில புள்ளைங்களுக்கு லேட்டாகும்" என்றேன். பிள்ளைக்காம்பராவில் அவனைப் பார்த்துக்கொண்டவள் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கால உதைக்கவே மாட்டேங்கிறானே" என்றாள். நான் அவனைத் தூக்கி மடியில் போட்டேன். கால் இரண்டும் தொங்கின. அந்தக் கால்களை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன், சுமதி. பலகையில், மரத்தூளில் பார்த்திருக்கிறேன். அவனுடைய அழுகை பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஆகி, பால் புரையேறி, மூச்சுக்கு நெஞ்சு குழிந்தபோது, மஸ்கெலியாவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பதினோராம் மாதம் அவன் உன் கையிலேயே போனான்.

அவனுடைய இரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, தாயும் தகப்பனும் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நீ எழுந்திருக்கிற நிலையில் இல்லை. செல்வம் காய்ச்சலில் கிடந்தான். நான் மட்டும் ஹட்டனில் ரயில் ஏறிப் போனேன். டொக்டர் சின்ன வயசுக்காரர், சிங்களவர். என்னை உட்காரச் சொன்னார். "மே தென்னா நேதேயோத?" என்று கேட்டார். அவர்கள் இரண்டு பேரும் உறவா என்று. "எயா மகே மல்லி" என்றேன். என் தம்பி. அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, எனக்குப் புரிகிற சிங்களத்தில் விளக்கினார். இந்தப் பழுது தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி ஒளிந்திருக்கிறது. பாதி வைத்திருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பாதியும் சேர்ந்தால் பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் நாலில் ஒரு பங்கு.

"தன்னவா, டொக்டர்" என்றேன். தெரியும் என்று.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்டார். கோழியிடமிருந்து என்று எப்படிச் சொல்வது? அவர் ஒரு கிளினிக் கார்டை எழுதிக் கொடுத்து, இரண்டு பேரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அடுத்த பிள்ளைக்கு முன்னால் நான் அவர்களிடம் பேச வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து, "டொக்டர் ஒண்ணுஞ் சொல்லல. அடுத்த புள்ள நல்லாப் பொறக்கும்னாரு" என்றேன். கார்டை நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் சொருகிவைத்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். என்னால் முடிந்தவரை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சொன்னால் நீ அவனை விட்டுப் போய்விடுவாய், அல்லது அவன் உன்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்தேன். என் தம்பியையும் மகளையும் சேர்த்து வைத்தவள் நான் என்பதால், பேரனைக் கொன்றவளும் நான்தான் என்று லயம் முழுவதும் பேசும் என்று பயந்தேன். அதற்குள் எனக்குப் பக்கத்துத் தோட்டங்களிலும் கோழிக்காரம்மா என்று பெயர் வந்திருந்தது. எந்தச் சேவலுக்கு எந்தப் பெட்டை என்று என்னிடம் வந்துதான் கேட்பார்கள். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றும் நினைத்தேன். இதற்கெல்லாம் கீழே இன்னொன்று இருந்தது. அதுதான் எழுதவே கூசுகிறது.

தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நீ வந்து, "அம்மா, நாள் தள்ளிப் போச்சு" என்றாய். உன் முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்து இருந்தன. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். உன்னை அன்றைக்கே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த டொக்டர் முன்னால் உட்கார வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். நாலில் ஒன்றுதானே, மூன்று பங்கு நல்லதுதானே, போன தடவை கெட்டது வந்துவிட்டது, இந்தத் தடவை நல்லது வரும் என்று நினைத்தேன். அது தப்பான கணக்கு என்பதும் எனக்குத் தெரியும். போன முட்டை செத்தது என்பதற்காக அடுத்த முட்டை பொரிந்துவிடாது. ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். தெரிந்தும் உன்னைப் பார்த்து, "நல்லதுதான் புள்ள, இந்தவாட்டி நல்லா இருக்கும்" என்றேன். அடை வைக்கிறவள் முட்டையைப் பார்க்கிற மாதிரி உன்னைப் பார்த்தேன்.

யாழினி பிறந்து இரண்டாம் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அவள் கழுத்தைத் தாங்கித் தாங்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாய். நான் வெளியே போய்விடுவேன். அவள் ஏழு மாதம் இருந்தாள். கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகு செல்வம் குடிக்கத் தொடங்கினான். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று, லயத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ரெண்டையும் தின்னவ இவ! இவ வயித்துலதான் கோளாறு!" என்று கத்தினான். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். நான் பத்தடி தூரத்தில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, சுமதி. அவனுக்கும் நான் சொல்லவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான். நான் பிசைந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சம் தவிடு சேர்த்தேன். அடுத்த மாதம் நீ கொழும்புக்குப் போய்விட்டாய்.

உன் வயிற்றில் கோளாறு என்றால் அந்தக் கோளாறு முதலில் இருந்தது என் வயிற்றில்தான். எங்கள் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ எனக்கு ஒரு பாதி, செல்வத்துக்கு ஒரு பாதி. என்னிடமிருந்து உனக்கு. உன் அப்பா வெளி ஆள். அவரிடம் அது இல்லாததால்தான் நீ கை கால் திடமாகப் பிறந்தாய். அந்தப் பாதியை நீ கேட்டு வாங்கவில்லை. அதற்கு ஜோடிப் பாதி வைத்திருந்த ஆளை உனக்குத் தேடிக் கொடுத்தது நான்.

போன ஞாயிறு உன்னோடு பேசிய பிறகு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். குடித்திருக்கவில்லை. கார்டை அவன் கையில் கொடுத்தேன். முழுவதையும் கேட்டான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்? சின்னது பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து, கார்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய், தான் கட்டிய கூண்டின் மேல் கையை வைத்தபடி நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. பிறகு தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடையும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குமாக நின்றுகொண்டிருந்தோம். பனி இறங்கியிருந்தது. ஸ்டோர் வேலைக்குப் போகிறவன் அங்கே வர வேண்டிய அவசியமில்லை. வந்தான். கங்காணி பெயர் கூப்பிட்டு முடிக்கும் வரைக்கும் காத்திருந்தான். பிறகு நடுவில் வந்து நின்று சொன்னான்:

"எல்லாருங் கேட்டுக்கங்க. எம் புள்ளைங்க ரெண்டும் போனதுக்கு சுமதி காரணமில்ல. அது எங்க குடும்பத்து ரத்தத்துல இருந்தது. எங்கிட்டயுந்தான் இருக்கு. நாந்தான் தெரியாம அவளை அசிங்கமாப் பேசிட்டேன். இனிமே அவளைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். என் பெயரை அவன் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கு மலையில் என் பக்கத்து நிரையை யாரும் பிடிக்கவில்லை. நான் தனியாகப் பறித்தேன். இப்போதும் தனியாகத்தான் பறிக்கிறேன். செல்வம் என்னோடு பேசுவதில்லை. சோறு கொண்டுபோய் வாசலில் வைத்தால் அப்படியே இருக்கிறது. இனிப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு அந்த கிளினிக் கார்டை வைத்திருக்கிறேன். ஓரம் கரப்பான் கடித்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. கொழும்பிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இதைக் காட்டு. தினேஷையும் கூட்டிக்கொண்டு போ. அவருடைய இரத்தத்தையும் பார்க்கச் சொல். சம்பந்தமில்லாத குடும்பத்து ஆளிடம் அதே பழுது இருப்பது அபூர்வம் என்று அன்றைக்கே அந்த டொக்டர் சொன்னார். அபூர்வம் என்றார், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அதனால் என் வார்த்தையை நம்பி எதையும் செய்யாதே. உனக்கு நல்ல காலம் பிறக்கும், எல்லாம் சரியாகும் என்று நான் எழுதப் போவதில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டேன். டொக்டர் வாயால் கேள். கேட்டுவிட்டு, பிள்ளை பெறுவதா, பெறாமலே அவரோடு வாழ்வதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்டு முடிவெடுக்கிற வசதியை உனக்கு யாரும் இதுவரை கொடுக்கவில்லை.

இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். பத்திரிகையில் போட்டாலும் சரி. கீழ் லயத்தில் பாக்கியம் தன் மகளைத் தன் தம்பிக்குப் பேசிவைத்திருக்கிறாள். இதை இன்னொரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய் வாசிக்கப் போகிறேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்படி வாசிப்பேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறேன். வேண்டாம். உனக்கு எவ்வளவு கோபம் வருகிறதோ அவ்வளவும் வரட்டும். கவினுக்கும் யாழினிக்கும் சேர்த்துக் கோபப்பட உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது எழுந்து போய் தினேஷிடம் பேசு. என்னிடம் இனிப் பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசி.

உன்னைப் பெற்றவள்